சாமை இலை பழுத்தால்தான் மணியில் சத்து ஏறுமா? கொல்லிமலைத் தானியமும் செடி ஹார்மோனும் – முழு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மலைமேல் ஊராட்சிகளின் பெயரிலேயே ‘நாடு’ இருக்கும். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, பைல் நாடு என்று வரிசை நீளும். இந்தச் சரிவுகளில் ஒரு காலத்தில் சாமையும் கேழ்வரகும் தினையும்தான் முக்கியப் பயிர், அன்றாடச் சோறு. இன்று பல இடங்களில் அதே நிலத்தில் நிற்பது மரவள்ளி.

மரவள்ளி வந்ததும் கையில் காசு வந்தது. தட்டில் இருந்த புரதம் என்னாச்சு? மிச்சமிருக்கும் சிறுதானியத்திலாவது புரதத்தைக் கூட்ட முடியுமா? ‘ஒரு டானிக் அடிச்சா மணி நல்லா பிடிக்கும்’ என்று எல்லா ஊர் உரக்கடையிலும் கேட்கும் பேச்சில் எவ்வளவு உண்மை?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால், கடைசியில் போய் நிற்கும் இடம் செடிக்குள் ஓடும் ஹார்மோன்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் இந்த வேதிப்பொருள்கள்தான் இலை எப்போது பழுக்க வேண்டும், மணி எப்போது நிரம்ப வேண்டும், விதை எப்போது முளைக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

முதலில், எந்தத் தானியத்தில் எவ்வளவு புரதம்?

‘சிறுதானியம்னாலே புரதம் அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் சுமார் 10.1 கிராம் புரதம் இருக்கிறது. வரகில் 8.9 கிராம். தீட்டிய பச்சரிசியில் 7.9 கிராம். கேழ்வரகில் 7.2 கிராம்தான்.

ஆமாம், கேழ்வரகில் அரிசியைவிடப் புரதம் கொஞ்சம் குறைவு. கேழ்வரகின் பலம் கால்சியம். 100 கிராமில் 364 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் இது 10 மில்லிகிராமுக்கும் கீழே.

மரவள்ளிக் கிழங்கில்? பச்சைக் கிழங்கு 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 1 கிராம். ‘கிழங்கில் தண்ணீர் அதிகமாச்சே’ என்று கேட்கலாம். காயவைத்து அளந்தாலும் 2 அல்லது 3 கிராமைத் தாண்டுவது கஷ்டம். மரவள்ளி என்பது மாவுச்சத்து மூட்டை.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையில் விளையும் மரவள்ளியில் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகிறது. அதை விற்ற காசிலும் ரேஷன் அட்டையிலும் வீட்டுக்கு வருவது வெள்ளை அரிசி. ஆக, தட்டில் நடந்த மாற்றம் ‘சாமைக்குப் பதில் கிழங்கு’ என்பதைவிட ‘சாமைக்குப் பதில் தீட்டிய அரிசி’ என்பதுதான்.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பரிந்துரை. 200 கிராம் சாமை சாப்பிட்டால் அதில் 20 கிராம் கிடைத்துவிடும். அதே அளவு அரிசியில் 16 கிராம். பருப்பும் முட்டையும் தினமும் வாங்க முடியாத வீட்டில் இந்த 4 கிராம் சின்ன விஷயம் இல்லை.

மணிக்குள் புரதம் எங்கிருந்து வருகிறது?

புரதத்தின் அடிப்படைச் சரக்கு நைட்ரஜன், அதாவது நம் விவசாயிகள் சொல்லும் தழைச்சத்து. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆய்வகத்தில் தானியத்தின் புரதத்தை அளக்கும்போதுகூட, வழக்கமாக நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்கித்தான் சொல்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலத்தில் 400 கிலோ சாமை விளைகிறது, அதில் 10 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் புரதம் 40 கிலோ. அதற்குள் இருக்கும் தழைச்சத்து 6.4 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அப்படிப் பார்த்தால் மணிக்கு வேண்டியது ஒரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, இந்த 6.4 கிலோ எப்படி மணிக்குப் போகிறது? பால் பிடிக்கும் பருவத்தில் வேர் உறிஞ்சி நேரடியாக அனுப்புவது ஒரு பங்குதான். கோதுமை, நெல் போன்ற பயிர்களில் பாதிக்கு மேல் வருவது இலையிலிருந்து. செடி இளசாக இருக்கும்போதே தழைச்சத்தை எடுத்து, இலையில் புரதமாக்கிச் சேர்த்து வைக்கிறது. கதிர் வந்த பிறகு அந்த இலைப் புரதத்தை உடைத்து, கரைத்து, தண்டு வழியாக மணிக்கு அனுப்புகிறது. இலை மஞ்சளாவது அதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பழுக்கும் இலை வீணாகப் போவதில்லை. அது தன் சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறது. ‘இப்போ எழுதலாம்’, ‘இன்னும் கொஞ்ச நாள் பொறு’ என்று சொல்வது யார்? அங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன.

செடிக்கு ஏது ஹார்மோன்?

மனித உடம்பில் இன்சுலினும் தைராய்டு ஹார்மோனும் செய்வதைப் போல, செடிக்குள் ஓர் இடத்தில் உருவாகி இன்னோர் இடத்துக்குச் செய்தி கொண்டு போகும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. தானியப் புரத விஷயத்தில் ஐந்து பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

- ஆக்சின்: வளர்ச்சிக்கான ஹார்மோன். மணி பெரிதாவதற்கும் நிரம்புவதற்கும் உதவும்.
- சைட்டோகைனின்: செல்கள் பெருக உதவும். இலையைப் பச்சையாக வைத்திருக்கும்.
- ஜிப்ரலின்: தண்டை நீளச் செய்யும். விதையை முளைக்க வைக்கும்.
- அப்சிசிக் அமிலம்: வறட்சி நேரத்து எச்சரிக்கை மணி. விதையை நிரப்பி, உலர்த்தி, தூங்க வைப்பதும் இதன் வேலை.
- எத்திலீன்: பழுக்க வைக்கும் வாயு. வாழைக்காயை மட்டுமல்ல, இலையையும்.

இதில் ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்ட கதை நெல் வயலில் தொடங்கியது. ஜப்பானில் நெல் நாற்று திடீரென ஒல்லியாக, அளவுக்கு மீறி வளர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோய் உண்டு. ‘முட்டாள் நாற்று’ என்ற அர்த்தத்தில் அதை ‘பகானே’ என்பார்கள். 1926-ல் ஜப்பானிய விஞ்ஞானி எயிச்சி குரோசாவா, ஒரு பூஞ்சை வெளியிடும் பொருள்தான் நாற்றை இப்படி இழுத்து வளர்க்கிறது என்று காட்டினார். பின்னர் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயர் வந்தது. அதைச் செடிகளும் தாமாகவே தயாரிக்கின்றன என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

மணிக்குள் நடக்கும் மூன்று கட்டங்கள்

பூ மகரந்தம் பெற்றதிலிருந்து அறுவடை வரை ஒரு தானிய மணியின் வாழ்க்கையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் கட்டம் – அறை கட்டுவது. முதல் சில நாட்களில் மணிக்குள் செல்கள் வேகமாகப் பெருகும். இந்த நேரத்தில் சைட்டோகைனின் உச்சத்தில் இருக்கும். எத்தனை செல் உருவாகிறதோ அத்தனை அறை. பிறகு மாவுச்சத்தும் புரதமும் அந்த அறைகளில்தான் நிரம்ப வேண்டும். அறை குறைந்தால் மணி சிறுத்துவிடும்.

இரண்டாம் கட்டம் – சரக்கு ஏற்றுவது. இதுதான் பால் பிடிக்கும் பருவம். இலையிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வந்து இறங்கும். ஆக்சின் கூடும். அப்சிசிக் அமிலமும் ஏறும். சேமிப்புப் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்குவதில் இந்த அமிலத்துக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் கட்டம் – பூட்டுப் போடுவது. மணி உலர்கிறது. அப்சிசிக் அமிலம் ‘இப்போ முளைக்காதே, தூங்கு’ என்று உத்தரவு போடுகிறது. ஜிப்ரலின் அடங்கி இருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் கடும் வறட்சி வந்தால் என்ன ஆகும்? அப்சிசிக் அமிலமும் எத்திலீனும் கூடி, இலை சீக்கிரம் பழுத்துவிடும். சர்க்கரை வரத்து நின்று, மாவுச்சத்து சேர்வது அதிகமாக அடிபடும். ஏற்கெனவே இலையில் இருந்த தழைச்சத்து ஓரளவு மணிக்கு வந்துவிடும். அதனால் காய்ச்சலில் விளைந்த தானியம் சிறுத்து இருந்தாலும், புரதச் சதவீதம் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

சதவீதம் கூடியதாலேயே விவசாயிக்கு லாபம் என்று சொல்லிவிட முடியாது. 400 கிலோவில் 10 சதவீதம் என்றால் 40 கிலோ புரதம். 250 கிலோவில் 12 சதவீதம் என்றால் 30 கிலோதான். ‘அதிகப் புரதம்’ என்று யாராவது சொன்னால், சதவீதமா, மொத்தமா என்று கேட்க வேண்டும்.

இலை சீக்கிரம் பழுத்தால் நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்விக்கு ஆச்சரியமான ஒரு பதில் 2006-ல் கிடைத்தது. அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டன. கோதுமையின் காட்டு மூதாதையில் ஒரு மரபணு இருக்கிறது. அது இலையைச் சில நாட்கள் முன்னதாகவே பழுக்க வைக்கிறது. அதனால் மணியில் புரதமும் துத்தநாகமும் இரும்புச் சத்தும் கூடுகின்றன.

இன்று உலகம் முழுக்கப் பயிராகும் கோதுமை ரகங்கள் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு வேலை செய்யவில்லை. அதிக மகசூலை மட்டும் பார்த்துப் பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுத்து வந்த நீண்ட பயணத்தில், அது எங்கோ நழுவிவிட்டது.

ஆய்வாளர்கள் தலைகீழாகவும் சோதித்தார்கள். இந்த வகை மரபணுக்களின் வேலையைக் குறைத்தபோது கோதுமை இலை 3 வாரங்களுக்கு மேல் கூடுதலாகப் பச்சையாக நின்றது. மணியிலோ புரதம், துத்தநாகம், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோயின.

இந்த மரபணு ஹார்மோன் அல்ல. ஆனால் இது சேர்ந்த குடும்பத்தில் பல மரபணுக்கள் அப்சிசிக் அமிலம், எத்திலீன் போன்ற ஹார்மோன்களின் செய்தியைக் கேட்டு இயங்கும் சுவிட்சுகள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது சைட்டோகைனின். 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலைச் செடியில் ஒரு மாற்றம் செய்தார்கள். இலை முதுமையைத் தொடும்போதெல்லாம் அதுவே சைட்டோகைனினைத் தயாரித்துக்கொள்ளும்படி வைத்தார்கள். இலைகள் பழுப்பது பெரிதும் தள்ளிப்போனது.

இலை நீண்ட நாள் பச்சையாக இருந்தால் சர்க்கரை அதிகம் தயாராகும், மகசூல் கூடலாம். ஆனால் தழைச்சத்து இலையிலேயே மாட்டிக்கொண்டால் மணியில் புரதச் சதவீதம் குறையும். சீக்கிரமே பழுத்தால் சதவீதம் கூடும், மகசூல் குறையலாம். இந்தத் தராசின் முள் எங்கே நிற்கும் என்பதை ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. எந்தப் பக்கம் சாய்த்தாலும் மறுபக்கத்தில் ஏதோ ஒன்று குறையும்.

பசுமைப் புரட்சியும் ஹார்மோன் கதைதான்

பழைய நெட்டை ரகங்களுக்கு யூரியா போட்டால் என்ன ஆகும் என்று எந்த விவசாயியும் சொல்வார்: ‘தளதளன்னு வளந்து சாஞ்சிடும்’. 1960-களில் வந்த குட்டை ரகங்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. 1966-ல் வந்த ஐஆர் 8 நெல்லும், மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமையும் இந்தியாவின் பஞ்சத்தை விரட்டின.

இந்த ரகங்கள் ஏன் குட்டையாக இருந்தன என்பது பின்னாளில்தான் மரபணு அளவில் தெரிந்தது. இரண்டிலும் ஜிப்ரலின்தான் கதாநாயகன். குட்டைக் கோதுமையில் ஜிப்ரலின் இருக்கிறது, ஆனால் செடிக்கு அதன் செய்தி சரியாகக் கேட்பதில்லை. இது 1999-ல் தெரிந்தது. ஐஆர் 8 நெல்லில் ஜிப்ரலின் தயாராவதே குறைவு. இது 2002-ல் தெரிந்தது.

ஜிப்ரலின் செய்தி கேட்காதபோது, வளர்ச்சிக்குப் பிரேக் போடும் ஒரு வகைப் புரதம் செடிக்குள் சேர்கிறது. தண்டு குட்டையாவது இதனால்தான். 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த சீன ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. அதே பிரேக், வேர் தழைச்சத்தை உறிஞ்சுவதையும் மட்டுப்படுத்துகிறது. குட்டை ரகங்கள் அதிக உரம் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வுக் குழு வேறொரு மரபணுவின் துணையால், செடியை உயரமாக்காமலேயே உறிஞ்சும் திறனைக் கூட்டிக் காட்டியது.

அப்படியானால் பசுமைப் புரட்சி தப்பா? இல்லை. அன்று நாட்டுக்கு முதலில் வேண்டியது வயிறு நிறைய சோறு. ஆனால் அந்த ஹார்மோன் மாற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. அது உர மூட்டையாகவும், மகசூல் கூடும்போது மணியில் புரதச் சதவீதம் நீர்த்துப்போவதாகவும் வந்தது.

குட்டைக் கோதுமையை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் முன்னணியில் இருந்தவர் எம்.எஸ்.சுவாமிநாதன். 2023 செப்டம்பர் 28-ல் காலமான அவர், 1988-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம்தான் 1990-களிலிருந்து கொல்லிமலையில் பாரம்பரியச் சாமை, கேழ்வரகு, தினை ரகங்களைக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. குட்டைப் பயிரின் பலத்தை நேரில் பார்த்தவரின் நிறுவனமே நெட்டைப் பயிர்களின் விதையைத் தேடி மலையேறியது.

மழை பட்டால் புரதம் போய்விடுமா?

பூட்டுப் போட்ட மணியை ஜிப்ரலின் திறக்கும் கட்டம் இது.

விதையில் தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் முளைக்கரு விழித்து ஜிப்ரலினை அனுப்புகிறது. அது போய்ச் சேரும் இடம், தவிட்டோடு ஒட்டியிருக்கும் ‘அலுரோன்’ என்ற மெல்லிய அடுக்கு. செய்தி கிடைத்ததும் அந்த அடுக்கு நொதிகளைத் தயாரித்து உள்ளே கொட்டும். மாவுச்சத்து சர்க்கரையாகும். புரதம் அமினோ அமிலமாகும். குருத்து அதைச் சாப்பிட்டு வளரும். பார்லியில் ஜிப்ரலின்தான் இந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது என்பது 1960 வாக்கில் தெரிந்தது.

இது தப்பான நேரத்தில் நடந்தால் நஷ்டம். அறுவடை நேரத்தில் விடாமல் மழை பெய்தால் கதிரிலேயே முளை விடும். டெல்டாவில் நனைந்த நெல் மூட்டைக்குள் முளைத்துக் கிடப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து, ஜிப்ரலின் கை ஓங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அதே வேலை சரியான நேரத்தில், வீட்டு அடுப்படியில் நடந்தால் லாபம். கேழ்வரகைக் கழுவி, ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் காயவைத்து, வறுத்து அரைத்தால் முளைகட்டிய மாவு. பாட்டிமார்கள் குழந்தைக்குக் கூழ் காய்ச்ச இதைத்தான் செய்தார்கள்.

இதில் மொத்தப் புரதம் பெரிதாகக் கூடிவிடாது. புதிதாகத் தழைச்சத்து எங்கிருந்தும் வரவில்லையே! ஆனால் இருக்கும் புரதம் எளிதில் செரிக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலமும் குறைகிறது. கூழ் கெட்டியாகாமல் இளகி இருப்பதால், குழந்தையின் சின்ன வயிற்றுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே மாவு போகும்.

இன்னொரு விஷயம். முளைப்பதற்கு நொதி தரும் அந்த அலுரோன் அடுக்கு புரதம் செறிந்தது. மில்லில் வெள்ளையாகத் தீட்டும்போது முதலில் போவது அதுதான். சாமையை உமி மட்டும் நீக்கி, தவிட்டோடு சமைப்பதற்கும் பளபளவென்று தீட்டிச் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நிறத்தோடு முடிவதில்லை.

‘டானிக்’ அடித்தால் புரதம் கூடுமா?

செடி ஹார்மோன்களை விவசாயத்தில் பயன்படுத்துவது புதிது அல்ல. விதையில்லா திராட்சையைப் பெரிதாக்க ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கிறார்கள். அன்னாசி ஒரே சீராகப் பூக்க, எத்திலீனை வெளிவிடும் எத்திபான் ஊற்றுகிறார்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’, ‘மக்காச்சோள மேக்சிம்’ போன்றவை ஊட்டச்சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்தவை.

இயற்கை விவசாயிகள் தெளிக்கும் தேமோர் கரைசலிலும் பஞ்சகவ்யத்திலும் தேங்காய்ப் பாலோ இளநீரோ சேரும். இளநீரில் சைட்டோகைனின் இயற்கையாகவே இருக்கிறது. 1941-லேயே செடிக் கருக்களை ஆய்வகத்தில் வளர்க்க விஞ்ஞானிகள் தேங்காய் நீரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் பெரும்பாலும் பூ பிடிக்க, காய் நிற்க, மணி நிரம்பத்தான். ‘புரதத்தைக் கூட்டும் ஸ்பிரே’ என்று சாமைக்கோ கேழ்வரகுக்கோ தனியாக ஒன்றை நம்பி வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒன்று, ஹார்மோன் என்பது சிக்னல் விளக்கு மாதிரி. தழைச்சத்துதான் வண்டி. சாலையில் வண்டியே இல்லாதபோது பச்சை விளக்கு எரிந்து என்ன பயன்? மண்ணில் சத்து இல்லாமல் ஹார்மோனால் மட்டும் புரதத்தை உருவாக்க முடியாது.

இரண்டு, நேரமும் அளவும். பால் பிடிக்கும் பருவத்தில் உதவும் ஒரு ஹார்மோன், பத்து நாள் தள்ளிப் போனால் இலையைப் பழுக்கவிடாமல் செய்து மணிக்கு வரவேண்டிய தழைச்சத்தைப் பிடித்து வைக்கலாம். ஜிப்ரலின் அளவு மீறினால் பயிர் நீண்டு சாயும். சாமை ஏற்கெனவே சாயும் சுபாவம் உள்ள பயிர்.

மூன்று, செலவு. மானாவாரியில் குறைந்த செலவில் எடுக்கும் பயிருக்கு ஸ்பிரே செலவு கட்டுப்படியாகுமா என்பதைக் கணக்குப் பார்க்காமல் இறங்கக்கூடாது.

தழைச்சத்தை மலிவாகக் கொண்டுவரும் வழி மலையில் ஏற்கெனவே இருந்தது. கேழ்வரகோடு அவரை, துவரை கலந்து விதைக்கும் பழக்கம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. தட்டிலும் இதே கூட்டணி உதவும். தானியப் புரதத்தில் ‘லைசின்’ என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். களிக்கு அவரைக் குழம்பு என்பது ருசிக்கு மட்டும் வந்த சேர்க்கை இல்லை.

பைல் நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என்று கொல்லிமலையில் சாமையிலேயே பல ரகங்கள் உண்டு. சில சீக்கிரம் விளையும், சில மெதுவாக விளையும். இப்படி விளையும் நாள் மாறுகிறது என்றால், இலை எப்போது பழுக்க வேண்டும், மணி எப்போது நிரம்ப வேண்டும் என்ற உள் கடிகாரமும் ரகத்துக்கு ரகம் மாறுகிறது. அந்தக் கடிகாரத்தின் முட்களை நகர்த்துவதில் ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு.

கோதுமையில் நழுவிப்போன மரபணுவைக் கண்டுபிடிக்க, விஞ்ஞானிகள் காட்டுக் கோதுமையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்தக் காட்டுக் கோதுமை அழிந்திருந்தால் தேடுவதற்கு எதுவும் இருந்திருக்காது. சாமைக்கு அந்தச் சேமிப்பு இன்னும் விவசாயிகள் கையிலேயே இருக்கிறது. அவர்கள் விதைக்காமல் விட்டால் அது போய்விடும்.

நாளை சாயாத குட்டைச் சாமை ரகங்களை உருவாக்கும் வேலை வேகமெடுக்கலாம். அது தேவையும்கூட. அப்போது மகசூலோடு மணியின் புரதமும் தழைச்சத்து உறிஞ்சும் திறனும் சேர்த்து அளக்கப்பட வேண்டும் என்பதே கோதுமையும் நெல்லும் சொல்லும் பாடம்.

விவசாயி மரவள்ளிக்கு மாறியதைக் குறை சொல்லவும் முடியாது. சாமை விதைத்தால் உரலில் குத்தி உமி நீக்கும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. விற்கப் போனால் விலை இல்லை. மரவள்ளிக்கு ஆலை இருந்தது, லாரி வந்தது. அதனால்தான் மலையில் நடந்த பாதுகாப்பு முயற்சிகள் விதை வங்கியோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரம், மதிப்புக் கூட்டிய பொருள், சந்தை என்றும் விரிந்தன.

அரசு தரப்பிலும் நகர்வு இருக்கிறது. ஐ.நா. அறிவித்த சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023-ல், நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. விளையும் தானியத்தை வாங்க ஆள் இருந்தால்தான் விதை நிலத்தில் நிற்கும்.

சுருக்கமாக

- மணியின் புரதத்துக்குச் சரக்கு தழைச்சத்து. அது எப்போது, எவ்வளவு மணிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வதில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு.
- சைட்டோகைனின் இலையைப் பச்சையாகப் பிடித்து வைக்கும். அப்சிசிக் அமிலமும் எத்திலீனும் பழுக்க வைத்துச் சத்தை மணிக்கு அனுப்பும்.
- ஜிப்ரலினின் தாக்கம் குறைந்ததால் வந்த குட்டை ரகங்கள் மகசூலைக் கூட்டின. ஆனால் அதிக உரம் கேட்டன.
- முளைகட்டினால் புரதம் கூடுவதில்லை, செரிமானம் கூடும்.
- ஸ்பிரே மட்டும் அடித்துப் புரதத்தைக் கூட்ட முடியாது. மண்ணில் தழைச்சத்து, கலப்புப் பயிர், சரியான ரகம் மூன்றும் வேண்டும்.

கதிர் முற்றும் நேரத்தில் கொல்லிமலைச் சரிவில் சாமை இலை மஞ்சளாவதைப் பார்த்தால், பயிர் வாடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில்தான் மணிக்குள் புரதம் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்த பட்டத்துக்கும் அந்த விதை யார் வீட்டிலாவது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.